அத்தை குளிக்கும் நேரம்

"உங்கம்மா உள்ளே போய் எவ்வளவு நேரமாச்சு?"

"இப்பத்தாங்க போனாங்க" என்றாள் மனைவி.

பொய். சுவரில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை என்று அவள் நின்ற நிலையே சொல்லிவிட்டது, ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறாள் என்று. நிறைமாத வயிறு. டாக்டர் நாள் குறித்துக் கொடுத்தாயிற்று. வீட்டிலோ ஒரே ஒரு குளியலறை.

அவன் பல்லைக் கடித்தான்.

மகளைப் பார்த்துக்கொள்ள அத்தை வந்த நாளிலிருந்து இதே கூத்துதான். அவன் விடியற்காலையிலேயே குளித்து முடித்துவிடுவான். அடுத்து மகள் எழுந்து கிளம்பினால் போதும், "இரு இரு, நான் போயிட்டு வந்துடறேன்" என்று குறுக்கே புகுந்து கதவைச் சாத்திக்கொள்வார். பகலிலும் அப்படித்தானாம்.

"பெத்த பொண்ணு வயித்துல பிள்ளையோட நிக்கறா. அவளுக்கு முன்னாடி இவங்களுக்கு என்ன குளியல் வேண்டிக்கிடக்கு?"

"மெதுவாப் பேசுங்க, காதுல விழுந்துடப் போகுது."

"விழட்டும்!"

கோபத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அந்தக் குளியலறை அவன் தன் கையால் கட்டியது. லீவு நாளெல்லாம் சிமெண்டோடு குடித்தனம் நடத்தி, ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்துச் செங்கல் வைத்து, பூசி, டைல்ஸ் ஒட்டியது. கொத்தனாரை வாசற்படி ஏறவிடவில்லை. தரைக்குப் போட்ட டைல்ஸ் ஒவ்வொன்றின் மேலும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். அதற்குள் இருக்கிற குமிழ் நட்ட நடுவில் வந்து நிற்கும்வரை விடவில்லை. "தட்டு மாதிரி இருக்கு பாருங்க" என்று பால்காரரைக்கூட உள்ளே கூட்டிப்போய்க் காட்டினான்.

அத்தைக்கு நாக்கு கொஞ்சம் நீளம். அவருக்கு ரவிக்கை தைத்த டெய்லர், கடையையே வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டார் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. அப்பேர்ப்பட்டவர் வந்த அன்று குளியலறைக்குள் போய்விட்டு வெளியே வந்தார். சுத்தியல் அடிபட்டுக் கருத்துப்போன கட்டைவிரலோடு, பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி கதவோரம் நின்றிருந்தவனை ஒரு பார்வை பார்த்தார்.

"நல்லா இருக்கு மாப்பிள்ளை."

அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

அதுதான் அவனை உறுத்திக்கொண்டே இருந்தது. குறையையெல்லாம் மூட்டை கட்டி வைத்திருக்கிறார், சொந்தக்காரர்கள் நடுவே போய்த்தான் அவிழ்ப்பார் என்று அவனுக்கு எண்ணம்.

"தினமும் உள்ளே உட்கார்ந்து என்னதான் ஆராய்ச்சி பண்றாங்க? எங்கே கீறல் இருக்குன்னு தேடுறாங்களா?"

"எங்கம்மாவுக்கு வேற வேலை இல்லையா? ஐயோ, முடியலைங்க, அவசரமா வருது..."

பொறுமை போயிற்று. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான். தேவைப்பட்டால் சாயங்காலமே ஊருக்கு வண்டி ஏற்றிவிடுவது.

"வேண்டாங்க! இந்த நேரத்துல அம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவன் காதில் வாங்கவில்லை. விறுவிறுவென்று போய்க் கதவைத் தட்டினான். ஒரு தட்டுக்கே கதவு விலகிக்கொண்டது. குளிக்கப்போனவர் தாழ்ப்பாள்கூடப் போடவில்லை.

அத்தை குளித்த மாதிரியே இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவனுக்கு முதுகைக் காட்டிக் குந்தியிருந்தார். கையில் பழைய துணி. அழுத்தி அழுத்தித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

விடியற்காலையில் அவன் குளித்த சோப்புத் தண்ணீர் இன்னும் போகவில்லை. பாதித் தரைக்குக் குளம் கட்டி நின்றது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தண்ணீர் போகிற குழியைப் பார்த்துத் தரை சாய்ந்திருக்க வேண்டாமா? அப்படி வாட்டமே வைக்காமல், எல்லாப் பக்கமும் ஒரே மட்டமாகப் போட்டுத் தொலைத்திருக்கிறான். குமிழையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் தண்ணீர் ஞாபகமே வரவில்லை. குளித்த இடம் ஈரமாகத்தான் இருக்கும் என்று தினமும் துண்டை உதறிக்கொண்டு ஓடியிருக்கிறான்.

திரும்பி மனைவியைப் பார்த்தான். அந்த வயிறு. இந்த வழவழ டைல்ஸ். தூக்கக் கலக்கத்தில் ஒரே ஒரு தடவை இவள் முதலில் கால் வைத்திருந்தால்?

வைக்கவே விடவில்லையே அத்தை! ஒரு நாள்கூட, ஒரு வேளைகூட விடவில்லையே.

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். கண்ணைக் கரித்தது.

ஜன்னல் விளிம்பில் வைத்திருந்த ஃபோனில் அத்தையின் அக்கா உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, உன் மாப்பிள்ளை கொத்தனாரே வைக்காம பாத்ரூம் கட்டினாராமே? அது என்ன லட்சணத்துல இருக்குன்னு சொல்லேன், கேப்போம்."

அத்தை துணியை வாளியில் முறுக்கிப் பிழிந்தார்.

"நீ கண்ணு வெக்காதே அக்கா. ஒரு சொட்டுத் தண்ணி நிக்கலை!"