வாவா, போ

“வா வான்னு கூப்பிடுறாருக்கா. கிட்டப் போனா ‘நோ, போ’ங்கிறாரு. என்ன மனுஷன் லா இவரு!”

நர்ஸ் புஷ்பவல்லி தொலைபேசி அறைக்கே வந்து அலுத்துக்கொண்டாள்.

கிள்ளானில் அந்தத் தனியார் மருத்துவமனைக்கு கனகேஸ்வரிதான் ஆபரேட்டர். முதலில் சிரித்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தாள்.

“என்னை அவருகிட்ட கூட்டிட்டுப் போ.”

காலையில் கப்பலிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த மாலுமி அவன். குடல்வால் எந்நேரமும் வெடிக்கலாம். அறுவைக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான்.

பிரிக்பீல்ட்ஸில் ஸ்பானிய வகுப்பு நடத்தும் தியாகராஜனை வரவழைத்திருந்தார்கள். அவர் அகராதியை மூடும் சத்தம் கேட்டது.

“டாக்டர், இவன் ‘வாவா’ங்கிறது ஸ்பானிய ‘குவாகுவா’. குவாகுவான்னா பஸ். இவன் பஸ் ஏறி ஓடப் பார்க்கிறான்.”

கனகேஸ்வரி கட்டிலருகே நின்று மாலுமியின் புலம்பலைக் கேட்டாள். சொல்லின் கடைசியில் வரும் ‘ஸ்’ஸை விழுங்கினான். பேச்சு முடியும் இடமெல்லாம் ஒரு ‘போ’, நாம் ‘லா’ போடுவதைப் போல.

“பஸ்ஸுங்கிறது கியூபாவுல சார். இவரு சிலிக்காரரு. அங்க கைக்குழந்தைக்குத்தான் அந்தப் பேரு.”

குனிந்து, அவன் ஊர்ப் பேச்சிலேயே கேட்டாள்.

அவன் அழுதுகொண்டே கொட்டித் தீர்த்தான். மனைவிக்கு இந்த வாரம் பிரசவம். முதல் குழந்தை இறந்தே பிறந்தது. இது என்ன ஆயிற்று என்று தெரியாமல் மயக்க ஊசிக்குச் சம்மதிக்க மாட்டான்.

கனகேஸ்வரி தன் இடத்துக்குத் திரும்பி, அவன் சொன்ன எண்ணுக்கு, சிலியின் வால்பரைசோவுக்கு, டிரங்க் கால் போட்டாள். இருபது நிமிடம் விடாமல் முயன்று, கிடைத்த இணைப்பை வார்டுக்குக் கொடுத்தாள்.

தூரத்தில் களைத்துப்போன ஒரு பெண்குரல். அதன் பின்னால், வீல் வீலென்று கத்தும் இன்னொரு குரல்.

அவன் கையெழுத்துப் போட்டான்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. தியாகராஜன் தொலைபேசி அறைக்குத் தேடி வந்தார்.

“யாருகிட்டம்மா படிச்சீங்க இதெல்லாம்?”

கனகேஸ்வரி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“உங்ககிட்ட படிக்கத்தான் சார் வந்தேன், ஆறு வருஷத்துக்கு முன்னால. கண்ணு தெரியாதவங்க போர்டுல எழுதுறதை எப்படிப் படிப்பாங்கன்னு திருப்பி அனுப்பிட்டீங்க. அன்னிக்குச் சாயந்திரமே போய், கியூபா, சிலி ஸ்டேஷனெல்லாம் எடுக்கிற ஒரு ஷார்ட்வேவ் ரேடியோ வாங்கிட்டேன்.”