நகக்கண்ணில் பசை

சாத்தூர் ஆஸ்பத்திரியில் புண் கட்டும் அறை. வருஷம் 1961. சன்னல் வெயில் டெட்டால் தண்ணீரில் விழுந்து சுவரில் ஆடுகிறது. நர்ஸ் அன்னப்பாக்கியம் வருகிறார். அவர் தொப்பியின் கஞ்சி மொடமொடப்பில் உட்கார்ந்த ஈ ஒன்று வழுக்கி விழுந்து, கால் ஒடிந்து, இங்கேயே கட்டுப் போட்டுக்கொண்டு போனது. பெஞ்சில் இருக்கும் நானே சாட்சி. கட்டிலில் வள்ளித்தாய் குப்புறக் கிடக்கிறாள். முதுகில் நீளமாய்த் தீப்புண். தலைமாட்டில் நிற்கும் புருஷன் ஆண்டிச்சாமி அவளுக்கும் சேர்த்துப் பேசுகிறான்.

"தீப்பெட்டிக் கம்பெனியில குச்சி மருந்து பத்திக்கிருச்சு நர்சம்மா. களிம்பத் தடவுங்க, கூட்டிட்டுப் போயிருதேன்."

நர்ஸ் அவள் கையை எடுத்து வெயிலில் திருப்புகிறார். நகக்கண்ணெல்லாம் காய்ந்த மைதாப் பசை.

"லேபிள் ஒட்டுற பிள்ளைதான தாயி நீ? அங்கன ஏது மருந்து? அதுவும் முதுகுல, கரண்டிக் காம்பு கணக்கா?"

"வீட்டு விசயம், ஒங்களுக்கு எதுக்கு?" என்று ஆண்டிச்சாமி சீறுகிறான்.

"இப்பத்தான கம்பெனின்னீக!"

பெஞ்சே சிரிக்கிறது. நர்ஸ் சிரிக்கவில்லை. பக்கத்து மேசையைப் பார்த்து, "டாக்டரய்யா, இது விபத்து இல்ல. சூடு போட்டிருக்காக. போலீசுக்கு எழுதுங்க" என்கிறார். டாக்டர் பேனாவைத் திறக்கிறார்.

"எந்திரிடி" என்று ஆண்டிச்சாமி கையை நீட்டுகிறான். குறுக்கே நர்ஸ் நிற்கிறார்.

"நீ சொல்லு தாயி. போறியா, இருக்கியா?"

"நான் போகல."

வள்ளித்தாய் மெதுவாகத்தான் சொல்கிறாள். ஆனாலும் ஸ்டேஷனில் நின்ற மதுரை ரயிலுக்கு அது கேட்டுவிட்டது. விருதுநகர் வரைக்கும் கூவிக்கொண்டே போகிறது.