பத்து எண்கள்

போனின் முதுகைக் கழற்றிப் போட்டுவிட்டு, அம்மா மஞ்சள் துணியில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். பேட்டரி தனியாகப் பாயில் கிடந்தது.

"மறுபடியும் கீழ போட்டுட்டியா?" என்றார் நைனா.

"ஆங். தொடச்சி போடறேன்."

முடிச்சில் எவ்வளவு வைத்தாய் என்று அவர் கேட்டதற்கு, "வேண்டிக்கினத வெச்சேன்" என்றாள். தம்பி திலீப் வாய் திறந்து பேசினால் திருத்தணி முருகனுக்குக் காசு முடிந்து போடுவதாக அவள் வேண்டிக்கொண்டது எங்கள் தெருவுக்கே தெரியும். அவன் பேசிவிட்டான். அன்றைக்கு ஆடிக் கிருத்திகை.

திலீப்புக்கு ஆறு வயது. ஆட்டிசம். கூப்பிட்டால் திரும்ப மாட்டான், சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டே இருப்பான். பஸ்ஸைக் கண்டால் மட்டும் கையை உதறிவிட்டு ஓடுவான்.

சித்திரை மாதம், அவனுக்கென்று தனியாகக் கல்வித் திட்டம் எழுத எங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் மூன்று மாதத்துக்கு ஒரே ஒரு விஷயம் கற்றுத் தரலாம், எது வேண்டும் என்று சிறப்பாசிரியர் கனிமொழி மேடம் கேட்டார். நைனா தலையைக் குனிந்துகொண்டு, "என்னிய நைனான்னு கூப்டணும்" என்றார். நான்தான் அம்மாவின் போன் நம்பர் என்றேன். தொலைந்து போனால் திரும்பி வர அவனுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள்ளேயே தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு ஏற்றபடி ஒவ்வோர் எண்ணாக அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஆனி கடைசியில் பத்து எண்களும் வந்துவிட்டன. பேர் கேட்டாலும் அதைத்தான் சொன்னான், பசித்தாலும் அதைத்தான் சொன்னான். அம்மா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

போன வாரம் அடுத்த திட்டம் எழுதினார்கள். இனி அவன் தினமும் பள்ளிக்கூடத்தில் உட்கார வேண்டும், உதவிக்கு ஆள் போடும் வரை வீட்டிலிருந்து ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றார் மேடம். தறியை விட்டுவிட்டு நைனாவும் அம்மாவும் வர முடியாது.

"யுவஸ்ரீ இருக்கட்டும் மேடம். பொட்டப் புள்ள. பத்தாவது முடிச்சிட்சி, போதும்" என்றார் நைனா.

நான் பதினொன்றாவது சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவளும் குழந்தைதானே, வேறு யாரையாவது பாருங்கள் என்று மேடம் எவ்வளவோ சொன்னார். நைனா என் பெயரை எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து தறிக்குப் பின்னால் நின்று அழுதேன். நூல் எடுக்க வந்த அம்மா, "நீ ஸ்கூலுக்குப் போவ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

திருத்தணி மலையில் காவடிக் கூட்டம் நெரிந்தது. உண்டியல் முன்னால் அம்மா திலீப்பைத் தூக்கிப் பிடித்து, மஞ்சள் முடிச்சை அவன் கையாலேயே போட வைத்தாள். முதலில் என்னிடம்தான் அதைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாள். கையில் ஏதோ இருக்கிறது என்றே தெரியவில்லை, அவ்வளவு லேசு.

அடிவாரத்துக்கு இறங்கியதும் நைனா பொரி வாங்கப் போனார். தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று அம்மா திலீப்பைக் கூட்டிக்கொண்டு பஸ்கள் நிற்கும் பக்கம் போனாள். திரும்பி வரும்போது தனியாக வந்தாள்.

கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டானாம். எந்த பஸ்ஸில் ஏறினான் என்று தெரியவில்லையாம். சித்தூர், திருப்பதி, அரக்கோணம் என்று அந்த நேரத்துக்குள் இருபது பஸ்ஸாவது கிளம்பியிருக்கும்.

நைனா பொரிப் பையோடு அழுதுகொண்டே போலீஸ் கூடாரத்துக்கு ஓடினார், பின்னாலேயே நாங்களும். அங்கிருந்த ஏட்டு எல்லம்மாள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பையன் நம்பர் சொல்வான் என்றதும் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற? எந்த ஊர்ல எறங்கினாலும் யாராவது போன் பண்ணுவாங்க. நம்பர் தெரியாத புள்ளைங்கதான் திரும்பி வர்றதில்ல."

சரிபார்க்க அந்த நம்பருக்கு ஒரு தடவை போட்டுப் பார்த்தார். போகவில்லை. கூட்டத்தில் யாருக்குமே டவர் நிற்கவில்லை, கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்றார்.

நைனா மறுபடியும் படி ஏறி, எதிரே வருகிற ஒவ்வொருவரிடமும் திலீப்பின் போட்டோவைக் காட்டிக்கொண்டு போனார். "எம்புள்ள நம்பர் சொல்லுவாங்க, பத்து நம்பரும் கரெக்ட்டா சொல்லுவான்" என்று அவர் சொல்வது கீழே வரை கேட்டது.

நானும் அம்மாவும் மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். போன் அவள் மடியில் இருந்தது. வெயில் சாய்ந்தது. கூட்டம் குறைந்தது. எங்களைச் சுற்றி எல்லார் போனும் அடிக்க ஆரம்பித்துவிட்டது. அம்மாவின் போன் மட்டும் அடிக்கவில்லை.

எங்கேயோ ஒரு பஸ் ஸ்டாண்டில், யாரோ ஒருவரிடம் திலீப் பத்து எண்களையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பான் என்று தோன்றியது. போனை எடுத்துப் பார்க்கக் கை நீட்டினேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை நடுங்கவில்லை.

"அவன் நம்பர் சொல்லுவான்ல? போன் வரும்ல?" என்றேன்.

முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்கு ஸ்கூல் என்று கேட்டாள். பிறகு என் காதருகே குனிந்து சொன்னாள்.

"முடிச்சுல இருந்தது காசு இல்லடி, சிம்மு."