துடைத்து வைத்த அமைதி

கூடத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்தபடி அசையாமல் நின்றார்கள். யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் வெளியாள் நினைப்பான். டைரக்டர் கிளைவ் ஹாலம் மட்டும் சுவரோரமாகக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"போதும், மூச்சு விடுங்க" என்று ஹெட்போனைக் கழற்றினார் ஒலிப்பதிவாளர் நெவில். ஷாட் முடிந்ததும் வெறும் அறையின் அமைதியையும் பதிவு செய்துகொள்வார்கள். வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டும்.

"சுத்தமா இருக்கா?" என்றார் ஹாலம்.

"பளிங்கு மாதிரி, முதலாளி. இந்த வீட்டுத் தண்ணிக் குழாய் படத்துக்குப் படம் தட்டித் தட்டி என் உயிரை வாங்கும். உங்க காதுக்குக் கேக்காது, என் மைக்குக்கு மட்டும் கேக்கும். இன்னிக்கு அதுக்கே அலுத்துப்போச்சு போல."

எல்லோரும் சிரித்தார்கள். ஹாலம் சிரிக்கவில்லை.

டெலிவிஷனில் போலீஸ் தொடர், அப்புறம் சினிமா என்று எது எடுத்தாலும் ஒரு காட்சியையாவது டெவன் பக்கம் இருக்கும் இந்தச் சொந்த வீட்டில்தான் எடுப்பார். வீடு பாதிரியார் வீடாகும், ஆஸ்பத்திரியாகும், ஒருமுறை ஜெயிலாகக்கூட ஆனது. மகா கஞ்சன் என்று தயாரிப்பாளர்கள் கேலி செய்தார்கள். இது அவருடைய கடைசிப் படம்.

ஆட்கள் வயர்களைச் சுருட்டிக்கொண்டு போனதும், நெவில் இரண்டு கோப்பை தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என்ன முதலாளி, மூஞ்சி தொங்கிப்போச்சு?"

அந்த ஊர்க்காரர்கள் மழையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், மனசைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார்கள். அன்று ஹாலம் திறந்தார்.

"மாவிஸைத் தெரியுமா உனக்கு?"

"உங்க சம்சாரமா? நான் சேர்றதுக்கு முந்தியே தவறிட்டாங்களே."

"ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் பொருந்துதான்னு எனக்குக் கன்டினியூட்டி பார்த்தவளே அவதான். ஷாட் நல்லா வந்தா, பென்சிலால நாற்காலிக் கையில ரெண்டு தட்டு தட்டுவா. அதைக் கேட்டப்புறம்தான் எனக்கு உயிரே வரும். இந்த அறையிலதான் போனா. 'அங்க போனாலும் தட்டறேன், ஆனா நல்லா எடுத்தாத்தான்'னு சொல்லிட்டுப் போனா."

நெவில் தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

"அதுக்காகத்தான் இங்கேயே வந்து வந்து எடுத்தேன். ஒவ்வொரு படம் முடிஞ்சதும் நீ குடுத்த ஒலியைத் தனியா உக்காந்து கேப்பேன். ஒரு தூசி இருக்காது. ஊரெல்லாம் விருது குடுத்துச்சு. அவளுக்குத்தான் ஒண்ணுகூடப் பிடிக்கல. இன்னிக்காவது தட்டமாட்டாளான்னு பார்த்தேன்."

பேசாமல் இருந்துவிடலாமா என்று நெவில் ஒரு கணம் நினைத்தார். முடியவில்லை.

"இதுக்கு முந்தி எல்லாத்துக்கும் தட்டினாங்க, முதலாளி. குழாய்னு நினைச்சு நான்தான் அழிச்சேன்."