ரசமட்டத்துக் குமிழி

குளியலறையில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஆபரேஷன் முடிந்து வந்திருக்கும் கணவர் வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று சங்கரம்மாளுக்குப் பயம். வந்து பார்த்த இரண்டு கொத்தனார்கள் அறையையே இடித்துக் கட்டச் சொன்னார்கள். மூன்றாவதாக வந்த பலவேசம் மட்டும் ரசமட்டத்தைத் தரையில் வைத்து, கண்ணாடிக்குள் ஓடும் குமிழியைக் குனிந்து பார்த்து, "இந்த மூலையில தண்ணி ஓடுத வாட்டம் ரெண்டு நூல்தான்க்கா கொறையுது" என்றார். அவரையே அமர்த்தினாள். மூலையைப் பெயர்த்துப் போட்டுவிட்டு, "மட்டம் இங்கயே கெடக்கட்டும், நாளைக்கு வந்துருதேன்" என்று போனவரைப் பதினோரு நாளாகக் காணோம். வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே அவள் மட்டத்தை வீடெங்கும் வைத்துப் பார்த்தாள். அலமாரி, கட்டில், எதுவும் நேராக இல்லை. ஒரு மத்தியானம், தூங்கும் கணவரின் வயிற்றின்மேல் வைத்தாள். மூச்சுக்கு மூச்சு குமிழி போய்ப்போய் வந்தது. அன்றிலிருந்து தினமும் வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் பலவேசம் சிமெண்டோடு வந்து நின்றார். "அக்கா, மட்டத்தக் குடுங்க." ஏச மறந்து, உதட்டில் விரலை வைத்து உள்ளே காட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிலருகே குத்தவைத்து, ஒற்றைக்கண்ணை மூடிக் குமிழியையே வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் ஓடுது" என்று எழுந்தார். "அது அங்கயே இருக்கட்டும்க்கா. ஒரு வாளி தண்ணி குடுங்க, வாட்டத்தத் தண்ணியே சொல்லிரும்."