இறங்கிப் போங்க, டீச்சரே!

“தாயும் மகளும் சேர்ந்து கப்பைத் தட்டிக்கிட்டுப் போறாங்க! கேக்க ஆளில்லையா?”

வெங்கிடாசலத்தின் கத்தலில் மட்டாஞ்சேரி மைதானமே திரும்பிப் பார்த்தது. இடக்கொச்சிச் சிறுமிகள் பேஸ்பால் அணியில் முதல் பேஸைக் காப்பவள் அவர் மகள் சங்கரி. அந்த அணி இப்போதுதான் இறுதிப் போட்டியில் தோற்றிருந்தது, மனுஷனுக்கு ஆறவில்லை.

ஆறாதுதான். இரண்டு அணியும் சமமாக நின்ற கடைசி நேரத்தில் மட்டாஞ்சேரி அணியின் அம்ருதா ஓங்கி ஒரு அடி அடித்தாள். பந்து வேலியோரச் சேற்றில் போய்ப் புதைந்தது. எல்லார் கண்ணும் பந்தின் மேலேயே இருக்க, அவள் ஒரே ஓட்டமாகச் சுற்றிவந்து ஜெயிக்கிற ரன்னை எடுத்துவிட்டாள்.

நடுவராக நின்ற மாதுரி டீச்சர், அம்ருதாவைப் பெற்ற அம்மா!

வரவேண்டிய நடுவர் வராததால் இரண்டு அணியும் கெஞ்சித்தான் அவரை நிற்க வைத்தார்கள். சரி என்று முதலில் தலையாட்டியதே இந்த வெங்கிடாசலம்தான். அதெல்லாம் இப்போது யாருக்கு ஞாபகம்?

ஆட்டத்துக்கு முன்பு பிள்ளைகளைக் கூப்பிட்டு மாதுரி டீச்சர் கறாராகச் சொல்லியிருந்தார். “நான் இந்தக் கோட்டைத் தாண்டிப் போற வரைக்கும் நடுவர். நாலு பேஸையும் மிதிச்சு ஓடினாத்தான் ரன். சந்தேகம்னா பந்தோட வந்து கேளுங்க. கேக்காம நான் வாயே தொறக்க மாட்டேன், அதான் விதி.” பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள்.

“இறங்கிப் போங்க, டீச்சரே!” வெங்கிடாசலம் கோட்டருகே வந்துவிட்டார். “இனிமே கொச்சியில ஒரு மேட்ச்சுக்கும் நீங்க நடுவரா நிக்க மாட்டீங்க. அதுக்கு நான் ஆளாக்கும், பாத்துக்கோங்க!”

“போக மாட்டேன். கோட்டுக்குள்ள ஒரு கால் வெச்சீங்கன்னா, உங்களை கேட்டுக்கு வெளியே அனுப்பிடுவேன் சார். ஒரு தடவைதான் சொல்லுவேன்.”

கூட்டம் ஊளையிட்டது. யாரோ எறிந்த காலி சாயா கப்பு டீச்சரின் ஷூவில் பட்டு உருண்டது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பொம்பளைக்கு என்ன திமிர் என்று பின்னால் ஒருவர் வாய்விட்டே சொன்னார்.

அம்ருதா ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். “வாம்மா! கப்பு தரப்போறாங்க. போன வருஷம் தோத்துட்டு நான் எத்தனை அழுதேன்? ஏம்மா இங்கயே நிக்கறே?”

“நீ போ. எனக்கு வேலை முடியலை.”

“எந்தாம்மா இது!” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள் அவள். டீச்சர் அவள் போவதையே பார்த்தார். ஆனாலும் அசையவில்லை.

முதல் பேஸ் பக்கத்தில் சங்கரி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பிந்தி வந்து சேர்ந்த பந்து அவள் மடியில் கிடந்தது. தோற்றதில் போனதைவிட அப்பா போட்ட கூச்சலில்தான் மானம் அதிகம் போயிருந்தது.

“அப்பா, ஒண்ணு மிண்டாம, கத்தாம இருங்க!” என்று சீறியவள், டீச்சரைப் பார்த்தாள். இத்தனை பேர் போ போ என்கிறார்கள், பெற்ற மகளே கூப்பிடுகிறாள். இவங்க ஏன் போகாமல் நிற்கிறாங்க?

சங்கரி மெல்ல எழுந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, பந்தோடு முதல் பேஸின் மேல் ஏறி நின்றாள்.

“டீச்சரே, அம்ருதா ஓடறப்போ இதை மிதிச்சாளா?”

மாதுரி டீச்சர் மகள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. வலது கை முஷ்டியாக உயர்ந்தது.

“மிதிக்கலை, அவுட்! இதைக் கேக்க உனக்கு இவ்வளவு நேரமாடி?”