மும்பை சுற்றி வரும் பணம்

"என்னப்பா, பணம் கணக்குல ஏறிடுச்சா?"

செந்தில்வேல் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளறையிலிருந்து சிவராமனின் குரல் வந்துவிட்டது.

"இல்லைங்க சார். இன்னிக்கும் ஏறலைன்னு கவுன்டர்ல கைய விரிச்சுட்டாங்க."

சொல்லும்போதே செந்தில்வேலுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தவணை கட்டவில்லை என்று அவனுடைய ஜீப்பை வத்தலக்குண்டு ஃபைனான்ஸ்காரன் இழுத்துக்கொண்டு போய்விட்டான். இந்த மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஏலம். சிவராமனின் மனைவி திண்டுக்கல்லிலிருந்து அனுப்பிய பணம் வந்து சேர்ந்தால் இவன் ஜீப்பை மீட்கலாம், அவர் வீடு போய்ச் சேரலாம். அப்படித்தான் பேச்சு.

"ஒங்க வீட்டம்மா நெசமாவே அனுப்புனாங்களா சார்?"

"திங்கக்கிழமையே அனுப்பியாச்சு. நீயும்தானே போன்ல கேட்டே?"

"பெறகு ஏங்க சார் வரலை? திண்டுக்கல்லுல வெள்ளனே பஸ் ஏறுனா மத்தியானச் சோத்துக்குத் தாண்டிக்குடி வந்துரலாம். காசுக்கு மட்டும் என்ன நோக்காடு?"

சிவராமன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தால் மனிதருக்கு ஊர் உலகமே மறந்துவிடும்.

"பணம் நேரா வராதுப்பா. முதல்ல மும்பைக்குப் போகும். அங்க எல்லாத்தையும் சேர்த்து வெச்சு, நேரம் வந்ததும் மொத்தமா அனுப்புவாங்க. சனிக்கிழமை அரை நாள்தான். ஞாயித்துக்கிழமை லீவு."

"கம்ப்யூட்டருக்கு எதுக்குங்க சார் லீவு?"

"அதெல்லாம் அப்படித்தான். எவனோ ஒரு ஆபீசர் பாஸ் பண்ணாம ஹாயா உக்காந்திருப்பான். சோம்பேறிப் பசங்க!"

"பேசாம ரொக்கமா வாங்கியிருக்கலாம். நீங்கதான் கம்ப்யூட்டர்ல போடச் சொல்லிக் கெடுத்துட்டீங்க."

"ரொக்கம்னா கள்ள நோட்டு கலந்துடும்ப்பா. உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்!"

அடுப்படியிலிருந்து செந்தில்வேலின் மனைவி வடிவு கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இங்க பாருங்க, இவருக்கு ஆக்கிப் போடுறதே எனக்குச் சோலியாப் போச்சு. ரசம் ஆகாதாம், காப்பியில சீனி பத்தலையாம். வெரசா அனுப்பிவிடுங்க. இல்லைன்னா நான் எங்காத்தா வீட்டுக்குப் போயிருவேன்."

"நேத்து சாம்பார் பரவாயில்லைம்மா. கொஞ்சம் பெருங்காயம் மட்டும்..." என்று இழுத்தார் சிவராமன். வடிவு கரண்டியை ஓங்கியதும் வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் பேங்க் கதவு திறக்கும் முன்பே செந்தில்வேல் வாசலில் நின்றான். அவனைப் பார்த்ததும் கவுன்டர் ஜோதிமணி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அக்கா, மும்பையை விட்டாவது கெளம்பிருச்சான்னு மட்டும் சொல்லுங்க."

"மும்பையாவது மண்ணாவது! ஒங்க பணம் திங்கக்கிழமை சாயங்காலமே இங்க வந்து கெடக்கு."

செந்தில்வேலுக்கு வந்த ஆத்திரத்தில் நாக்கு குழறியது. "பெறகு எதுக்குக்கா தெனமும் வரலைன்னு சொன்னீங்க?"

"வரலைன்னா சொன்னேன்? கணக்குல ஏறலைன்னு சொன்னேன். ஏத்துறதுக்கு எங்க மேனேஜர் பாஸ் பண்ணணும். அவரு பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். திங்கக்கிழமையிலேர்ந்து மனுஷனைக் காணோம்."

"காணோம்னா?"

"தைப்பூசம் வருதுல்ல, சொல்லாம கொள்ளாம பழனிக்குப் பாதயாத்திரை கெளம்பிட்டாருன்னு நெனைக்கிறோம். வீட்டம்மாகிட்டக் கேட்டா அவங்களும் மழுப்புறாங்க."

"அவரு வந்தா ஒடனே ஏறிருமாக்கா?"

"வந்து ரெண்டு தட்டு தட்டினாப் போதும். கண்ணுல பட்டா நீங்களே கூட்டிட்டு வாங்க, புண்ணியமாப் போகும்."

செந்தில்வேல் சட்டென்று வாசலுக்குத் திரும்பினான். ஓட்டமும் நடையுமாக வீடு வந்து, வடிவு கேட்டதற்குப் பதில்கூடச் சொல்லாமல் நேரே உள்ளறைக்குப் போனான். சிவராமன் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்து, நாற்காலியோடு சேர்த்து அவர் காலைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"மேனேஜர் சார், ஒங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன். ஒரு எட்டு பேங்குக்குப் போயி அந்தப் பணத்தை மட்டும் பாஸ் பண்ணிட்டு வந்துருங்க. வந்ததும் பழையபடி கட்டிக்கிறேன்!"